சாலையில் இறக்கும் முன்: தானியங்கி அவசர பிரேக்கைச் சிமுலேஷனில் சோதிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

சாலையோரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார்கள் நிற்கின்றன. அவற்றின் மறைவிலிருந்து ஏறத்தாழ ஏழு வயதுக் குழந்தை ஒன்று மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் சாலைக்குள் ஓடி வருகிறது. அதே நேரத்தில் அந்தக் கார்களைக் கடந்து இன்னொரு கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. யாரும் பிரேக் பிடிக்காவிட்டால் அந்தக் காரின் முன்பக்கத்தின் சரிபாதிப் புள்ளியில் குழந்தை அடிபடும். ஐரோப்பாவில் விற்பனைக்கு வரும் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, தானியங்கி அவசர பிரேக்கைப் பரிசோதிக்க வகுத்திருக்கும் இந்தச் சூழ்நிலைக்கு சி.பி.என்.சி.ஓ.-50 என்று பெயர் (இதிலுள்ள 50 வேகம் அல்ல, மோதும் இடம் காரின் அகலத்தில் 50 விழுக்காட்டில் என்பதன் குறி). சோதனைத் தளத்தில் குழந்தையின் இடத்தை, தாழ்வான நகரும் மேடையின் மேல் நின்று காலை அசைக்கும் ஒரு பொம்மை எடுத்துக்கொள்கிறது.

தளத்தில் இந்தச் சோதனையை ஒருமுறை ஓட்டி முடிக்க, பொம்மையை நிறுத்த வேண்டும், திருப்புவளையத்தை (ஸ்டீயரிங்) பிடிக்கும் ரோபோவைச் சரிபார்க்க வேண்டும், தரை காயும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு பகலில் சில பத்து ஓட்டங்கள் முடிந்தாலே நல்ல நாள்தான். ஆகவே மெய்நிகர் சோதனை தவிர்க்க முடியாததாகிறது. ஆனால் சிமுலேட்டரை நிறுவி, கார் ஓடுவதைத் திரையில் பார்த்துவிட்டு, ‘சோதித்தாயிற்று’ என்று எழுதுவதற்கும், ஒரு பொறியாளர் கையெழுத்திடக்கூடிய முடிவைப் பெறுவதற்கும் நடுவில் நீண்ட வழி இருக்கிறது. அந்த வழியை இந்த ஒரே சூழ்நிலையைக் கையில் பிடித்துக்கொண்டு, தொடக்கம் முதல் இறுதி வரை இங்கே நடந்து பார்க்கலாம். தானாக ஓடும் கார்களுக்கும் இதே முறைதான் பொருந்தும். அங்கே சூழ்நிலைகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகும்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘இந்த அமைப்பு பாதுகாப்பானதா?’ என்பது சிமுலேஷனிடம் கேட்கக்கூடிய கேள்வி அல்ல. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-இல் போட்ட கணக்கு ஒன்று இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது: மனித ஓட்டுநர்களின் உயிரிழப்பு விகிதத்துக்குக் குறையாத பாதுகாப்பு தங்கள் தானியங்கி வாகனத்துக்கு உண்டு என்று 95 விழுக்காடு நம்பிக்கையுடன் காட்ட, ஓர் உயிரிழப்பும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட்ட வேண்டும்; நூறு கார்கள் இரவுபகலாக மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓடினாலும் அதற்குப் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கைப் படித்துவிட்டு, ‘அந்த மைல்களைக் கணினியில் ஓட்டிவிடலாமே’ என்று பலர் முடிவு செய்கிறார்கள். வெறும் மைல்களை ஓட்டுவதில் பயன் குறைவு. ஆளில்லாத நெடுஞ்சாலையில் ஓடிய பத்து லட்சம் மெய்நிகர் மைல்கள், மறைவிலிருந்து ஓடி வரும் குழந்தையைப் பற்றி எதையும் சொல்லாது.

பயனுள்ள கேள்வி குறுகலாக இருக்கும். தானாக ஓடும் கார்களை உருவாக்கும் வேமோ நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அரிசோனாவின் சாண்ட்லர் நகரில் 2008 முதல் 2017 வரை நிகழ்ந்த உயிரிழப்பு விபத்துகளில் 72-ஐச் சிமுலேஷனில் மறுபடி அமைத்து, அந்த மனித ஓட்டுநரின் இடத்தில் தங்கள் அமைப்பு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டார்கள். விபத்தைத் தொடங்கிவைத்த வாகனத்தின் இடத்தில் வைத்தபோது எல்லா மோதல்களும் தவிர்க்கப்பட்டன. எதிர்வினை ஆற்ற வேண்டிய வாகனத்தின் இடத்தில் வைத்தபோது 82 விழுக்காடு தவிர்க்கப்பட்டன. நிறுவனம் தன்னைப் பற்றித் தானே செய்த ஆய்வு என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வி தெளிவாக இருந்ததால்தான் விடையை மற்றவர்கள் விமர்சிக்கவும் முடிந்தது.

நம் சூழ்நிலைக்கான கேள்வியை இப்படி எழுதலாம்: ‘உலர்ந்த சாலையில், மணிக்கு 20 முதல் 60 கி.மீ. வரை, மறைவிலிருந்து வரும் குழந்தையின் மீது மோதாமல் நிற்க, கண்டறிதல் முதல் பிரேக் கட்டளை வரை எவ்வளவு தாமதம் வரை தாங்கும்?’ இதனுடன் இன்னொன்றையும் பிரித்து எழுதிவிடுங்கள். கம்பி அறுந்தாலோ மின்னணுச் சில்லு பழுதானாலோ என்ன ஆகும் என்பது ஐ.எஸ்.ஓ. 26262 தரநிலையின் களம். எதுவுமே பழுதாகாமல், அமைப்பின் திறன் போதாததால் வரும் ஆபத்து ஐ.எஸ்.ஓ. 21448 தரநிலையின் களம். நம் கேள்வி இரண்டாவது வகை. இரண்டையும் ஒரே சோதனைத் தொகுப்பில் கலந்துவிட்டால், பின்னால் எந்த முடிவு எதற்குச் சான்று என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும்.

படி 2: கணினியைத் தொடும் முன் காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம். ஆனால் சிமுலேட்டர் தரும் விடை நம்பத் தகுந்ததா என்று முதலில் சொல்லப்போவது இந்தக் காகிதம்தான்.

மணிக்கு 50 கி.மீ. என்பது வினாடிக்கு 13.9 மீட்டர். குழந்தையின் வேகம் வினாடிக்கு 1.39 மீட்டர். நம் கார் 1.8 மீட்டர் அகலம்; நிற்கும் கார்களின் பக்கவாட்டுக்கும் நம் காரின் பக்கவாட்டுக்கும் இடைவெளி 1 மீட்டர் என்று கொள்வோம். நிற்கும் காரின் விளிம்பைத் தாண்டியதும் குழந்தை நம் காரின் நடுக்கோட்டை அடைய 1.9 மீட்டர் ஓட வேண்டும், அதற்கு 1.37 வினாடி ஆகும். குழந்தை அந்தக் காரின் மூலையை உரசிக்கொண்டு வருவதில்லை, ஒரு மீட்டர் அப்பால் ஓடுகிறது. ஆகவே கேமராவின் பார்வைக்கோடு மூலையைத் தாண்டிச் சற்று முன்பே குழந்தையைத் தொட்டுவிடும். அதையும் சேர்த்தால் ஏறத்தாழ 1.4 வினாடி. அதற்குள் நம் கார் கடக்கக்கூடிய தூரம் 19.4 மீட்டர். நமக்குக் கிடைக்கும் மொத்த முதல் இதுதான்.

இனிச் செலவு. படம் எடுத்து, அதில் இருப்பது குழந்தை என்று அறிந்து, அடுத்தடுத்த சில படங்களில் உறுதி செய்து, பிரேக் கட்டளை அனுப்ப 0.3 வினாடி என்று வையுங்கள். பிரேக் அழுத்தம் முழுமையாக ஏற 0.3 வினாடி ஆகும் என்றால், அந்த ஏற்றத்தால் இழப்பது ஏறத்தாழ அதில் பாதி, அதாவது 0.15 வினாடி. இந்த இரண்டுக்குமாக 6.3 மீட்டர் போய்விடுகிறது. அதன்பின் 9 மீ/வி² எதிர்முடுக்கத்தில் (வேகம் குறையும் வீதத்தில்) நிற்க 10.7 மீட்டர் தேவை. ஆக மொத்தம் 17 மீட்டர். மிச்சம் இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதே கணக்கை 55 கி.மீ. வேகத்தில் போட்டால் மிச்சம் ஒன்றரை மீட்டர். 60-இல் அரை மீட்டருக்கும் குறைவு. சாலை நனைந்து எதிர்முடுக்கம் 6 மீ/வி² ஆகக் குறைந்தால், 50 கி.மீ. வேகத்திலேயே கார் நிற்காது. மணிக்கு ஏறத்தாழ 21 கி.மீ. வேகத்தில் மோதும்.

இந்த நான்கு வரிக் கணக்கை மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த சாலையில் 60 கி.மீ. வேகத்தில் கார் அழகாக நின்றுவிட்டது என்று சிமுலேட்டர் சொன்னால், மகிழ்ச்சி அடைவதற்கு முன் எங்கே தவறு என்று தேட வேண்டும்.

படி 3: சூழ்நிலையைப் பொதுவான மொழியில் எழுதுங்கள்

ஜெர்மனியில் 2016 முதல் 2019 வரை, தானியங்கி ஓட்டத்தைச் சோதிக்கும் முறைகளுக்காக நடந்த பெகாசஸ் திட்டத்தையொட்டிப் பரவலான ஒரு வழக்கம், சூழ்நிலையை மூன்று நிலைகளில் எழுதுவது. முதல் நிலையில் வெறும் சொற்கள்: மறைவிலிருந்து குழந்தை ஓடி வருகிறது. இரண்டாம் நிலையில் மாறிகளும் அவற்றின் வரம்புகளும்: காரின் வேகம் 20 முதல் 60 வரை, குழந்தையின் வேகம் 3 முதல் 8 வரை, பக்கவாட்டு இடைவெளி 0.5 முதல் 1.5 மீட்டர் வரை. மூன்றாம் நிலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரே எண். இதைத்தான் கணினி ஓட்டும். இரண்டாம் நிலையை எழுதாமல் நேரே மூன்றாம் நிலைக்குத் தாவுபவர்கள், தங்களுக்குத் தோன்றிய பத்து எண்களைச் சோதித்துவிட்டு, சோதிக்காதது எவ்வளவு என்றே தெரியாமல் நிற்பார்கள்.

கோப்பு வடிவத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: சாலையை ஓப்பன்டிரைவ் வடிவத்திலும், அதில் நிகழ்வதை ஓப்பன்சினாரியோ வடிவத்திலும் எழுதுங்கள். இரண்டையும் ஏசாம் என்ற தர அமைப்பு பராமரிக்கிறது. ஒரு சிமுலேட்டருக்கு மட்டும் புரியும் நிரலில் எழுதுவது முதலில் எளிதாகத் தெரியும். எல்.ஜி. நிறுவனம் தன் எஸ்.வி.எல். சிமுலேட்டரின் மேம்பாட்டை 2022 தொடக்கத்தில் நிறுத்தியபோது, அதற்கென்றே எழுதி வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. எழுதிய சூழ்நிலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எஸ்மினி என்ற இலவசக் கருவி போதும். கனமான சிமுலேட்டர் தேவையில்லை.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். குழந்தை எப்போது ஓடத் தொடங்க வேண்டும் என்பதைக் கடிகார நேரத்தோடு கட்டாதீர்கள். கார் குறிப்பிட்ட தூரத்துக்கு வந்ததும் தொடங்கும்படி கட்டுங்கள். தொடங்கிய பிறகு, கார் வேகம் குறைத்தாலும் குழந்தை தன் வேகத்தை மாற்றக் கூடாது. இல்லையென்றால் கார் பிரேக் பிடிக்கப் பிடிக்கக் குழந்தையும் காத்திருந்து மோதும் விசித்திரம் நிகழும். மற்றொன்று, சாலையின் எந்தப் பக்கம். கிடைக்கும் ஆயத்தச் சாலைகளில் பெரும்பாலானவை வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானவை. இந்தியாவுக்கோ இலங்கைக்கோ சோதிப்பதென்றால், குழந்தை இடப்பக்க ஓரத்திலிருந்து வரும்படி முழுச் சூழ்நிலையையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும். படத்தை மட்டும் திருப்பினால் போதாது. கேமரா காரின் நடுவிலிருந்து சற்று விலகிப் பொருத்தப்பட்டிருந்தால், பார்வைக்கோட்டுக் கணக்கே மாறிவிடும்.

படி 4: சிமுலேட்டரையும் அதன் கடிகாரத்தையும் அமையுங்கள்

காசு கொடுத்து வாங்கக்கூடியவற்றில் கார்மேக்கர், வி.டி.டி., பிரீஸ்கேன் போன்றவை நிறுவனங்களில் பழக்கமானவை. கற்பவர்களுக்கு கார்லா போதும்: பார்சிலோனாவின் கணினிப் பார்வை மையம், இன்டெல் ஆய்வகம், டொயோட்டா ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் வெளியிட்ட திறந்த மூலச் சிமுலேட்டர் இது, அன்ரியல் விளையாட்டு எஞ்சினின் மேல் ஓடுகிறது, பைத்தான் நிரல்மொழியில் இயக்கலாம்.

எதை எடுத்தாலும் முதலில் சரிசெய்ய வேண்டியது கடிகாரத்தை. கார்லாவைத் தொடங்கினால், அது தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் நிரல் தாமதித்தால் உலகம் காத்திருக்காது. அமைப்புகளில் ஒத்திசைவு முறையை இயக்கி, ஒவ்வோர் அடிக்கும் (கணக்கீட்டின் ஒவ்வொரு நகர்வுக்கும்) நிலையான கால அளவைக் கொடுங்கள். உங்கள் நிரல் ‘டிக்’ கட்டளை கொடுத்த பிறகே உலகம் ஓர் அடி முன்னேற வேண்டும். அந்தக் கால அளவு எவ்வளவு? பல பாடங்களில் 0.05 வினாடி என்று இருக்கும். 50 கி.மீ. வேகத்தில் ஓர் அடிக்குள் கார் 0.7 மீட்டர் நகர்ந்துவிடும். நம் மிச்சமே இரண்டரை மீட்டர்தான். மூன்று, நான்கு அடிகளில் தீர்ந்துபோகும் மிச்சத்தை அவ்வளவு பெரிய அடியால் அளப்பது, தையல்காரர் முழக்கோலால் பொத்தான் துளையை அளப்பது போல. 0.01 வினாடியில் ஓட்டினால் அடிக்கு 14 செ.மீ.; அது போதும். கேமராவை மட்டும் உண்மையான வேகத்தில், எடுத்துக்காட்டாக வினாடிக்கு 30 படங்கள் வீதம், தனியாக ஓட்டலாம்.

பிறகு, ஒரே ஓட்டத்தை இருபது முறை ஓட்டிப் பாருங்கள். பிரேக் தொடங்கிய நேரமும் நின்ற இடமும் ஒவ்வொரு முறையும் மாறினால், மேலே செல்லாதீர்கள். எங்கோ ஒரு சீரற்ற எண்ணின் தொடக்க மதிப்பு நிலையாக வைக்கப்படாமல் இருக்கும், அல்லது ஏதோ ஒரு சென்சாரின் தரவு வருவதற்குள் அடுத்த அடி ஓடியிருக்கும்.

இங்கே என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், இரவு முழுவதும் ஓடிய நானூறு ஓட்டங்களில் ஒரு மோதல் கூட இல்லை என்று காலையில் அறிக்கை வந்தது. குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். மதியம் ஒரு காணொளியைத் திறந்து பார்த்தபோது சாலையில் குழந்தையே இல்லை. குழந்தையை வைக்கச் சொன்ன இடம், நிற்கும் காரின் உடலோடு சில சென்டிமீட்டர் முட்டியதால், கார்லா அதை உருவாக்க மறுத்து வெற்று மதிப்பைத் திருப்பி அனுப்பியிருந்தது. என் நிரல் அந்த விடையைக் கவனிக்காமல் தொடர்ந்து ஓடியிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு தொகுப்பிலும், பிரேக் அமைப்பை அணைத்துவிட்டு ஓட்டும் ஓர் ஓட்டத்தை முதலில் வைக்கிறேன். அதில் மோதல் நிகழாவிட்டால் தொகுப்பே செல்லாது.

படி 5: சென்சார் மாதிரிகளைத் தேர்ந்தெடுங்கள்

மெய்நிகர் சோதனையின் உண்மையும் பொய்யும் பெரும்பாலும் இந்தப் படியில்தான் தீர்மானமாகின்றன, ஆகவே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சென்சாரை மூன்று விதமாகப் பாவிக்கலாம். முதலாவது, சிமுலேட்டருக்குத் தெரிந்த உண்மையை அப்படியே கொடுத்துவிடுவது: குழந்தை இத்தனை மீட்டரில், இத்தனை வேகத்தில் இருக்கிறது என்று. முடிவெடுக்கும் நிரலை மட்டும் சோதிக்க இது சரியான வழி. வேகமாக ஓடும், விடை தெளிவாக இருக்கும். ஆனால் இதில் குழந்தை சுவருக்குப் பின்னால் இருக்கும்போதே அமைப்புக்குத் தெரிந்துவிடும் அபாயம் உண்டு. மறைவைக் கணக்கிட்டு வடிகட்டாவிட்டால் நம் சூழ்நிலையே அர்த்தமிழக்கும்.

இரண்டாவது, அந்த உண்மையின் மேல் சென்சாரின் குறைகளைப் பூசுவது. பார்வைக் கோணம், மறைவு, தூரத்தில் பிழை, சில நேரம் காணாமல் போதல், உறுதி செய்ய எடுக்கும் நேரம் ஆகியவை. என் அனுபவத்தில் அவசர பிரேக்குக்கு உழைப்புக்கு ஏற்ற பலன் தருவது இந்த நடுவழிதான். ஆனால் குறைகளுக்கான எண்களைக் கற்பனையில் எழுதக் கூடாது. உண்மையான சென்சாரைத் தளத்தில் வைத்து அளந்த எண்களாக இருக்க வேண்டும். ‘குழந்தையின் உடலில் எத்தனை பங்கு வெளியே தெரிந்ததும் கேமரா அறிகிறது?’ என்ற ஒரே எண் நம் 0.3 வினாடியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. பார்வைக்கோட்டைத் தாண்டி முதலில் தெரிவது முழுக் குழந்தை அல்ல. ஒரு மூக்கு நுனியும் வீசிய கையும்தான்.

மூன்றாவது, ஒளியையும் ரேடார் அலையையும் கதிர்க் கதிராகக் கணக்கிட்டு, உண்மையான கண்டறியும் நிரலுக்கே படத்தைக் கொடுப்பது. படத்தில் இருப்பதை அறியும் கேமராவின் நரம்பியல் வலையமைப்பை அப்படியே சோதிக்க இது ஒன்றே வழி. ஆனால் செயற்கைப் படம் கண்ணுக்கு எவ்வளவு நிஜமாகத் தெரிந்தாலும், வலையமைப்பின் கண்ணுக்கு வேறாகத் தெரியலாம். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: உண்மையான இடம் ஒன்றைச் சிமுலேட்டரில் அப்படியே கட்டி, இரண்டு படங்களையும் அதே வலையமைப்புக்குக் கொடுத்து, கண்டறியும் தூரமும் நம்பிக்கை மதிப்பும் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். ரேடாரில் சிக்கல் இன்னும் அதிகம். நிற்கும் கார்களின் உலோகப் பக்கங்களில் அலை பட்டுத் தெறித்து இல்லாத பொருள்களைக் காட்டும். குழந்தையின் மெல்லிய எதிரொலி பெரிய வேனின் எதிரொலிக்குள் மறையும். விளையாட்டு எஞ்சின்களோடு வரும் ஆயத்த ரேடார் மாதிரிகளில் இவை இருப்பதில்லை. அத்தகைய மாதிரியை வைத்துக்கொண்டு ரேடாரைப் பற்றி முடிவு சொல்லாதீர்கள்; சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தால் அந்த வரம்பையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

படி 6: காரும் பிரேக்கும்

விளையாட்டு எஞ்சினின் கார் திரும்புவதும் நிற்பதும் பார்க்க நன்றாக இருக்கும்; அழுத்தம் ஏறும் நேரம், டயரின் பிடி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். குறுக்கிடும் விதம் ஆகியவை அதில் உங்கள் காருடையவை அல்ல. வாகன இயக்கக் குழுவிடம் இருக்கும் மாதிரியை வெவ்வேறு மென்பொருள்களின் மாதிரிகளைச் சேர்த்து ஓட்ட உதவும் எஃப்.எம்.ஐ. இடைமுகம் வழியாக இணைத்துக்கொள்வது நல்லது. அது இல்லையென்றால், தளத்தில் முழு பிரேக் பிடித்து அளந்த ஒரே ஒரு எதிர்முடுக்க வளைவை எடுத்து, கட்டளைக்கு விடையாக அதையே ஓட்டுங்கள். இந்தச் சூழ்நிலைக்கு அதுவே பெரும்பாலும் போதும். பிரேக் பிடிக்கும்போது காரின் மூக்கு தாழ்ந்து கேமராவின் கோணம் மாறுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படி 7: எதை அளப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

மோதியதா, இல்லையா என்ற ஒரே விடை போதாது. மோதிய வேகம், நின்றபோது மிஞ்சிய தூரம், எச்சரிக்கை ஒலித்த நேரம், பிரேக் கட்டளை போன நேரம், அப்போது மோதலுக்கு மீதமிருந்த நேரம் ஆகியவற்றை ஒவ்வோர் ஓட்டத்திலும் பதிவு செய்யுங்கள். ஐ.நா.வின் 152-ஆம் விதி, அவசர பிரேக் கேட்கும் எதிர்முடுக்கம் குறைந்தது 5 மீ/வி² இருக்க வேண்டும் என்கிறது. அதையும் ஒரு வரம்பாக வைத்துக்கொள்ளலாம். தடத்தில் தானாகச் செல்லும் அமைப்புகளுக்கான 157-ஆம் விதியோ, குறுக்கே நுழையும் வாகனங்களுக்கு, திறமையும் கவனமும் உள்ள மனித ஓட்டுநரின் மாதிரியையே அளவுகோலாகக் காட்டுகிறது: ஆபத்தை உணர 0.4 வினாடி, எதிர்வினைத் தாமதம் 0.75 வினாடி, அதன்பின் 0.774 ஜி (ஏறத்தாழ 7.6 மீ/வி²) வரை பிரேக். அந்த மாதிரி தவிர்க்கக்கூடிய மோதலை அமைப்பும் தவிர்க்க வேண்டும். நம் குழந்தையின் சூழ்நிலையில் அந்த ஓட்டுநருக்கு வேகம் குறையத் தொடங்கும் முன்பே 1.15 வினாடி போய்விடும் என்பதைக் கவனியுங்கள்.

அமைப்பின் உள்ளே நடப்பதையும் பதிவு செய்யுங்கள். 2018 மார்ச் 18 இரவு அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபரின் தானாக ஓடும் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மீது மோதியது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணைப்படி, மோதலுக்கு 5.6 வினாடிகளுக்கு முன்பே அமைப்பு அவரைக் கண்டறிந்திருந்தது. ஆனால் வாகனம், இன்னதென்று தெரியாத பொருள், சைக்கிள் என்று வகைப்பாடு மாறிக்கொண்டே இருந்தது. மாறும்போதெல்லாம் அதுவரை நகர்ந்த தடத்தை அமைப்பு கைவிட்டது. கடக்கும் கோடு இல்லாத இடத்தில் பாதசாரி குறுக்கே வரக்கூடும் என்பதற்கே அதில் இடமில்லை. இத்தகைய குறை, பொருள் பட்டியலை நேரடியாகக் கொடுக்கும் முதல் வகைச் சிமுலேஷனில் ஒருபோதும் வெளிப்படாது. வகைப்பாடு எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கையை அளவுகளில் ஒன்றாக வைத்திருந்தால் மோதல் நிகழாத ஓட்டத்திலும் கண்ணில் படும்.

வேண்டாத நேரத்தில் பிரேக் பிடிப்பதையும் அதே அளவு கவனத்தோடு சோதிக்க வேண்டும். குழந்தை ஓரத்தில் நின்றுவிடுகிறது. நடைபாதையை ஒட்டி நடக்கிறது. நிற்கும் காரின் கதவு பாதி திறக்கிறது. இவற்றுக்கெல்லாம் முழு பிரேக் பிடிக்கும் காரின் பின்னால் லாரி வந்துகொண்டிருக்கலாம். இதற்கு உண்மைச் சாலையில் பதிவு செய்த தரவை மறுபடி ஓட்டிப் பார்ப்பது சிறந்தது. ஆனால் பதிவான தரவில் கார் போன பாதை போனதுதான். உங்கள் நிரல் பிரேக் பிடித்திருந்தால் அடுத்து என்ன ஆகியிருக்கும் என்று அது காட்டாது. ஆகவே பொய் எச்சரிக்கைகளை எண்ண அது. மோதலைத் தவிர்த்ததா என்று அறிய, நிரலின் செயலுக்கு ஏற்ப உலகமும் மாறும் மூடிய வளையச் சிமுலேஷன்.

படி 8: மாறிகளின் காட்டில் எல்லையைத் தேடுங்கள்

காரின் வேகம் 9, குழந்தையின் வேகம் 6, பக்கவாட்டு இடைவெளி 5, மோதும் புள்ளி 3, உராய்வு 3, வெளிச்சம் 4 என்று எடுத்தாலே 9,720 ஓட்டங்கள் ஆகின்றன. ஓர் ஓட்டம் கணினியில் 24 வினாடி பிடித்தால் ஏறத்தாழ 65 மணி நேரம். எட்டுக் கணினிகளில் ஓர் இரவு. இந்த அளவு வரை எல்லாவற்றையும் ஓட்டிவிடுவதே எளிது. இன்னும் இரண்டு மாறிகள் சேர்ந்தால் முடியாது. அப்போது முதலில் பரவலாகச் சில நூறு புள்ளிகளை ஓட்டி, நிற்பதற்கும் மோதுவதற்கும் நடுவிலுள்ள எல்லை எங்கே போகிறது என்று கண்டு, அதன் அருகே மட்டும் அடர்த்தியாக ஓட்டுங்கள். எல்லையிலிருந்து வெகுதூரத்தில் ஓட்டிய ஆயிரம் ஓட்டங்கள் வரைபடத்தைப் பச்சையாக்கும். புதிதாக எதையும் கற்றுத் தராது.

தோல்வி விகிதத்தைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. 9,720-இல் 12 விழுக்காடு மோதல் என்றால், சாலையில் 12 விழுக்காடு மோதும் என்று பொருளல்ல. நீங்கள் வைத்த கட்டங்களில் நனைந்த சாலை மூன்றில் ஒரு பங்கு. ஊரில் அப்படி இருக்காது. ஒவ்வொரு மாறியும் உண்மையில் எவ்வளவு முறை நேர்கிறது என்ற பரவல் தெரிந்தால் மட்டுமே விகிதம் பேச வேண்டும்.

படி 9: மென்பொருளிலிருந்து வன்பொருளுக்கு

இதுவரை நிரல் உங்கள் கணினியில் ஓடியது. அடுத்து அதே சூழ்நிலைகளை, காரில் பொருத்தும் சிறு கணினியான உண்மையான கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஓட்ட வேண்டும். பெட்டி, தான் காரில் இருப்பதாக நம்ப வேண்டும்: மற்ற பெட்டிகள் காரின் உள் வலையமைப்பான கேன் வழியாக அனுப்பும் செய்திகள் எல்லாம் உரிய எண்ணிக்கையோடும் சரிபார்ப்புக் குறியோடும் வராவிட்டால், அது பிழை நிலைக்குப் போய் பிரேக் பிடிக்கவே மறுக்கும். முதல் வாரம் முழுவதும் பெரும்பாலும் இதிலேயே கழியும். கேமராவுக்குப் படத்தை நேரே செலுத்துவது, அதன் முன்னால் திரையை வைப்பதைவிட நல்லது. திரையின் சிமிட்டலும் குறைந்த பிரகாசமும் வேறு பிரச்சினைகளைக் கொண்டுவரும். 9,720-ஐயும் இங்கே ஓட்ட வேண்டாம். எல்லையை ஒட்டிய இருநூறு போதும். பார்க்க வேண்டியது ஒன்றே: கணினியில் 0.3 வினாடி என்று வைத்த தாமதம், பெட்டி சூடாகி, மற்ற வேலைகளும் ஓடும்போது எவ்வளவு ஆகிறது.

படி 10: சிமுலேஷனையே சோதியுங்கள்

ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் வெளியிட்ட 1426-ஆம் எண் விதி, முழுத் தானியங்கி வாகனங்களின் ஒப்புதலுக்கு மெய்நிகர் சோதனையை ஏற்கிறது. ஆனால் பயன்படுத்திய கருவித்தொடர் நம்பத் தகுந்தது என்று உற்பத்தியாளர் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஓட்டுநர் உதவி அமைப்புக்கும் இதையே வழக்கமாக்கிக்கொள்வதில் நட்டமில்லை.

எல்லையின் இரு பக்கங்களிலும் சில புள்ளிகள், நடுவில் சில என்று பத்துப் பதினைந்து சூழ்நிலைகளைத் தேர்ந்தெடுத்துத் தளத்தில் ஓட்டுங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து முறையாவது. இரண்டும் ‘நின்றது’ என்று சொல்வதால் ஒத்துப்போகின்றன என்று முடிவு செய்யாதீர்கள். கண்டறிந்த நேரம், கட்டளை போன நேரம், எதிர்முடுக்க வளைவு, நின்ற இடம் ஆகிய நான்கையும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்று வரையுங்கள். தாமதத்தில் வந்த பிழையும் பிரேக்கில் வந்த பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்து, தவறான காரணத்தால் சரியான விடை வருவது அடிக்கடி நடக்கும். எவ்வளவு விலகலை ஏற்போம் என்பதைத் தளத்துக்குப் போவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். தரவைப் பார்த்த பிறகு எழுதும் வரம்பு எப்போதும் தரவுக்கு ஏற்றாற்போலவே அமையும்.

எங்கள் சோதனை ஒன்றில் தளத்தில் பிரேக் கட்டளை, சிமுலேஷனைவிட 0.12 வினாடி தாமதமாகப் போனது. மூன்று நாள் தேடிய பிறகு, நிறுத்தியிருந்த வேனின் நிழலில் பொம்மை நின்றதே காரணம் என்று தெரிந்தது: வெயிலுக்கு ஏற்ப ஒளியளவைக் குறைத்திருந்த கேமராவுக்கு நிழலில் இருந்தது வெறும் கருப்பு. சிமுலேட்டரில் நாங்கள் வைத்திருந்ததோ மேகமூட்டமான வானம், நிழலே இல்லாதது. சூரியனை உரிய கோணத்தில் வைத்து, கேமராவின் ஒளியளவுத் தாமதத்தையும் மாதிரியில் சேர்த்த பிறகு இரண்டு வளைவுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. அந்த 0.12 வினாடியைக் காகிதக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் மிச்சம் ஏறத்தாழ 80 செ.மீ. ஆகச் சுருங்குகிறது, 55-இல் கார் மணிக்கு 8 கி.மீ. வேகத்திலும், 60-இல் 19 கி.மீ. வேகத்திலும் மோதுகிறது. மறுநாள் காலை, சூரியன் அதே கோணத்துக்கு வரும் நேரம் பார்த்து, வேனை அதே இடத்தில் நிறுத்தி, தளத்தில் முதலில் ஓட்ட வேண்டியவை அந்த மூன்று வேகங்கள்தான்.